டைனமோவைச் சுற்றியவனிடம் சொல்லாதீர்கள்

சென்ற இதழில் கொழும்பிலிருந்து ஒரு நண்பர் எழுதிய கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் சிரிப்பு வந்தது. இரண்டாம் தரம் சிவப்புப் பேனையை எடுத்தேன். முப்பது வருடம் கணிதம் படிப்பித்த பழக்கம் ஓய்வு பெற்றாலும் விடாது.

அவர் சொல்வது இவ்வளவுதான். ஹைபிரிட் கார் வாங்குவதைச் செலவுக் கணக்கில் எழுதக்கூடாது, சேமிப்புக் கணக்கில் எழுதவேண்டும். அது பாதி நேரம் பற்றரியில் ஓடுகிறது, அந்தப் பாதி இலவசம். லீற்றருக்கு 35 கிலோமீற்றர் போகும். மிஞ்சுகிற பெற்றோல் காசே லீசிங்கைக் கட்டிவிடும். பற்றரி பழுதாகும் என்பது கராஜ்காரர் கட்டிய கதை. இவ்வளவும் கண்முன்னால் இருந்தும் இன்னும் பழைய பெற்றோல் காரை உருட்டிக்கொண்டு திரிகிறவர்கள், வடக்கில் உள்ளவர்கள் குறிப்பாக, கணக்குத் தெரியாதவர்கள்.

என் வீட்டு வளவில் 2001ஆம் ஆண்டு விட்ஸ் கார் ஒன்று நிற்கிறது. ஆகவே கணக்குத் தெரியாதவர்கள் பட்டியலில் நானும் இருக்கிறேன். பரவாயில்லை. கணக்கையே போட்டுப் பார்த்துவிடுவோம்.

முதலில் அந்த இலவசம். இந்தச் சொல்லை யாழ்ப்பாணத்தில் வந்து சொல்ல நண்பருக்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். 1990இல் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு இங்கே மின்சாரமும் இல்லை, பெற்றோலும் இல்லை. ஒஸ்டின், மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் பொத்திப்பொத்தி வைத்திருந்த பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். இரவுச் செய்தி கேட்க சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து றேடியோவுக்கு வயர் போகும். செய்தி முடிவதற்குள் சுற்றுகிறவருக்குத் தோள்மூட்டு விட்டுப்போகும். கேட்டுக்கொண்டிருந்த பத்துப் பேரில் ஒருவர்கூட அந்த மின்சாரத்தை இலவசம் என்று சொன்னதில்லை. யாருடைய கையிலிருந்து வருகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நண்பர் புகழும் அக்வா என்ற ஹைபிரிட் காருக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? சுவரில் செருகுவதற்கு அதில் பிளக் இல்லை. கூரையில் சூரியத்தகடு இல்லை. அந்தக் காருக்குள் போகிற ஒரே சக்தி, பெற்றோல் செட்டில் காசு கொடுத்து நிரப்புகிற 92 ஒக்ரேன் மட்டும்தான். பற்றரியில் இருக்கிற ஒவ்வொரு சொட்டு மின்சாரமும் ஏதோ ஒரு நேரத்தில் பெற்றோலாக இருந்தது. டாஷ்போர்ட்டில் பச்சையாக 'ஈவி' என்று எழுத்து மின்னும்போது கார் சும்மா ஓடுகிறது என்று நம்புவது, ஏ.ரி.எம். இயந்திரத்தில் எடுத்த காசை வருமானம் என்று நினைப்பதற்குச் சமம்.

எவ்வளவு மின்சாரம் என்பதையும் பார்க்கலாம். 2011 கடைசியில் ஜப்பானில் வந்த முதல் தலைமுறை அக்வாவின் பற்றரி 144 வோல்ற், 6.5 அம்பியர் மணி. பெருக்கினால் 936 வாற் மணி. வீட்டு மின்சாரப் பில்லில் ஒரு யூனிற்றுக்கும் கொஞ்சம் குறைவு. ஒரு லீற்றர் பெற்றோலை எரித்தால் கிடைக்கும் வெப்பம் சுமாராக ஒன்பது யூனிற். அதாவது நண்பரின் இலவசக் களஞ்சியம் முழுக்க நிரம்பி வழிந்தாலும் அதில் இருப்பது பிளேன்ரீ குடிக்கும் கிளாசில் அரைக் கிளாஸ் பெற்றோலின் சக்தி. எஞ்சின் அந்த வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தானே சக்கரத்துக்குக் கொடுக்கும் என்று அவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. மூன்றால் பெருக்குவோம்: ஒன்றரைக் கிளாஸ். ஆனால் பற்றரி நீண்ட நாள் உழைக்கவேண்டும் என்பதற்காக அதை அடிவரை வடியவும் உச்சிவரை நிரம்பவும் கணினி விடாது. கிட்டத்தட்ட 40 வீதத்துக்கும் 80 வீதத்துக்கும் நடுவிலேயே வைத்துக்கொள்ளும். மறுபடி அரைக் கிளாசுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறோம்.

அப்படியானால் ஹைபிரிட் பெற்றோலை மிச்சம் பிடிக்கவே இல்லையா? பிடிக்கிறது. நன்றாகவே பிடிக்கிறது. 1997இல் முதல் பிரியஸ் ஹைபிரிட்டை ஜப்பானில் சந்தைக்குக் கொண்டுவந்த பொறியியலாளர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன். சாதாரணக் காரில் பிரேக்கை அழுத்தினால் ஓட்டத்தில் இருந்த சக்தி பிரேக்கில் சூடாகிக் காற்றோடு போய்விடும். ஹைபிரிட்டில் அந்த நேரம் மோட்டார் டைனமோவாக மாறி, அதில் ஒரு பங்கைப் பற்றரிக்குத் திருப்பி அனுப்புகிறது. சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் நின்றுவிடுகிறது. மெதுவாக உதவிசெய்ய மோட்டார் இருப்பதால், இழுவை குறைந்தாலும் சிக்கனம் கூடிய அற்கின்சன் வகை எஞ்சினை வைக்க முடிகிறது. மூன்றுமே வீணாகப் போவதைக் குறைக்கிற வேலைகள். நண்பர் இதில் ஒன்றையாவது விளங்கியிருந்தால் அடுத்த கேள்வி தானாக வந்திருக்கும்: வீணாகப் போவதே குறைவாக இருக்கிற இடத்தில் இந்தக் கார் எதை மிச்சம் பிடிக்கும்?

காலி வீதியில் பின்னேரம் ஐந்தரைக்கு பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைக்குப் போகிற காரை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து மீற்றர் போகும், நிற்கும். இருபது மீற்றர் போகும், நிற்கும். பிரேக் பிடிக்காத நிமிடம் இல்லை. சாதாரணக் கார் நின்ற இடத்திலேயே பெற்றோலைக் குடித்துக்கொண்டு ஏசியை ஓட்டும். அங்கே ஹைபிரிட் ராசா. இப்போது ஏ-9 வீதிக்கு வாருங்கள். வவுனியா தாண்டினால் மாங்குளம் வரை கிட்டத்தட்ட நேர்கோடு. சட்டம் சொல்லும் 70இல் கால் அசையாமல் போகலாம். பிரேக் பிடிக்க ஒரு மாடு குறுக்கே வந்தால்தான் உண்டு. திருப்பிப் பிடிக்க அங்கே என்ன இருக்கிறது? மாட்டுக்கு நன்றி சொல்லிக் கொஞ்சம் எடுக்கலாம்.

நான் கற்பனையில் சொல்லவில்லை. அக்வாவையே அமெரிக்காவில் பிரியஸ் சி என்ற பெயரில் விற்றார்கள். 2012இல் அந்த நாட்டுச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் கொடுத்த எண்: நகரத்துக்குள் கலனுக்கு 53 மைல், நெடுஞ்சாலையில் 46, இரண்டும் சேர்ந்து 50. சாதாரணக் கார்களுக்கு நெடுஞ்சாலை எண்தான் பெரிதாக இருக்கும், இங்கே தலைகீழ். நம் அளவுக்கு மாற்றினால் சேர்ந்த எண் லீற்றருக்கு 21 கிலோமீற்றர் சொச்சம்.

இருபத்தொன்று. நண்பர் எழுதியது முப்பத்தைந்து.

அவருடைய 35 எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஜப்பானில் அந்தக் கார் வெளிவந்தபோது ஜேசி08 என்ற சோதனையில் 35.4 கிலோமீற்றர் என்று அறிவித்தார்கள். அதற்கு முந்திய 10-15 என்ற சோதனையில் அதே கார் 40 எடுத்தது. சோதனை மாறினால் எண் மாறுகிறது, கார் மாறவில்லை. சோதனைக்கூடத்தில் உருளைகளின் மேல் நிறுத்தி, ஏசி இல்லாமல், எழுதிவைத்த வேகத்தில் அளந்து ஓட்டிய எண் அது. சித்திரை வெயிலில் ஐந்து பேரை ஏற்றி, டிக்கியில் அரிசி மூட்டை போட்டு, ஏசியை முழுதாகத் திறந்துகொண்டு போகிற எங்களுக்கு அந்த எண்ணால் என்ன பிரயோசனம்? அதைவிட மோசம், ஹைபிரிட்டுக்கு ஜப்பான் சோதனைக்கூட எண்ணை எடுத்தவர், பெற்றோல் காருக்குத் தன்னுடைய பழைய கொரோலா வெள்ளவத்தை நெரிசலில் காட்டிய எண்ணை எடுத்திருக்கிறார். ஒருவருக்குச் சாதகக்குறிப்பு, மற்றவருக்கு வைத்தியர் அறிக்கை. கணக்குத் தெரியாதவர்கள் நாங்கள்தான்.

இன்னொரு சங்கதி, இது அவருக்கு மட்டும் உள்ள குறை இல்லை. லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று அளக்கும் வழக்கமே ஆளை ஏமாற்றும். 2008இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சட் லாரிக், ஜாக் சோல் என்ற இருவர் 'சயன்ஸ்' சஞ்சிகையில் இதை விளக்கி எழுதினார்கள். நம் எண்ணில் போட்டுப் பாருங்கள். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் போகும் வாகனத்தை விட்டு 15 போகும் வாகனத்துக்கு மாறினால், ஆயிரம் கிலோமீற்றருக்கு 33 லீற்றர் மிச்சம். 25 போவதை விட்டு 35 போவதற்கு மாறினால்? எண் பத்துக் கூடுகிறது, மிச்சம் பதினொரு லீற்றர்தான். கேட்க 35 பெரிதாக இருக்கிறது, காசு 10ஐ 15 ஆக்குவதில் இருக்கிறது. ஐரோப்பாவில் பல நாடுகளில் நூறு கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்று அளக்கிறார்கள். அப்படி அளந்தால் பொய்க்கு இடம் குறைவு.

ஆக, ஊரில் உண்மையாகவே பெற்றோலை மிச்சம் பிடிக்க விரும்புகிறவர் என் விட்ஸை விற்கச் சொல்லமாட்டார். வெளிநாட்டிலிருந்து வருகிற மருமக்கள் மூன்று பேர் போவதற்கு வாடகைக்கு எடுக்கும் பெரிய ஜீப்பைப் பற்றி எழுதுவார். அதை எழுதினால் யாருக்குக் கோபம் வரும் என்று நண்பருக்குத் தெரிந்திருக்கும்.

சரி, காசுக்கு வருவோம். நான் பெற்றோல் அடிக்கும் ஒவ்வொரு தரமும் டாங்கை வாய்வரை நிரப்பி, மீற்றரில் உள்ள எண்ணையும் அடித்த லீற்றரையும் ஒரு கொப்பியில் எழுதுகிறவன். மனைவிக்கு அது ஒரு வருத்தமாகத் தெரிகிறது. அந்தக் கொப்பிப்படி என் விட்ஸ் ஊருக்குள் லீற்றருக்கு 14 கிலோமீற்றர் தருகிறது. மாதம் 800 கிலோமீற்றர் ஓடுகிறேன். சந்தை, நல்லூர், பேரப்பிள்ளைகளின் ரியூசன், எப்போதாவது கொழும்பு. வருடத்துக்கு 9,600 கிலோமீற்றர், 686 லீற்றர். இதே தூரத்தை 21 தருகிற ஹைபிரிட்டில் ஓடினால் 457 லீற்றர். மிச்சம் 229 லீற்றர். கணக்குக்கு வசதியாக லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் 68,700 ரூபா. சின்னக் காசு இல்லை, மறுக்கவில்லை.

இப்போது மறுபக்கம். என் விட்ஸை விற்று ஒரு பழைய அக்வாவை வாங்க இன்னும் 25 இலட்சம் போடவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கூடலாம், குறையலாம், சந்தையில் விசாரித்து உங்கள் எண்ணைப் போடுங்கள். 25 இலட்சத்தை 68,700ஆல் பிரித்தால் 36 வருடம். எனக்கு இப்போது 68 வயது. என்னுடைய 104ஆவது பிறந்தநாளில் இருந்து லாபம் தொடங்குகிறது. வட்டியைச் சேர்க்காமலே இப்படி. அந்த 25 இலட்சத்துக்கு வருடம் 12 வீதம் என்று லீசிங் எடுத்தால் முதல் வருட வட்டி மட்டும் கிட்டத்தட்ட 3 இலட்சம். மிச்சம் பிடித்த பெற்றோல் காசு அந்த வட்டியின் கால்வாசியைக்கூடக் கட்டாது. லீசிங்கைக் கட்டிவிடும் என்று எழுதியவர், எந்தக் கம்பனி அவ்வளவு குறைந்த வட்டியில் தருகிறது என்று சொன்னால் நானும் போய் வரிசையில் நிற்பேன்.

யாருக்குக் கட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கும் அவருக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும். கொழும்பில் பிக்மீ டாக்சி ஓடும் ஒரு தம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 3,000 கிலோமீற்றர், முழுக்க நெரிசல். சாதாரணக் கார் அங்கே 10, ஹைபிரிட் 20. வருடத்துக்கு 1,800 லீற்றர் மிச்சம், 5,40,000 ரூபா. அதே 25 இலட்சத்தை நாலரை வருடச் சொச்சத்தில் எடுத்துவிடுவார். அவர் ஹைபிரிட் வாங்கவேண்டும், வாங்குகிறார்கள்தான். நண்பரின் கட்டுரை அந்தத் தம்பிக்கு எழுதப்பட்டிருந்தால் நான் பேனையைத் தொட்டிருக்கவே மாட்டேன். அந்தத் தம்பிக்கு இவர் சொல்லித்தரவேண்டிய தேவையும் இல்லை.

பற்றரிக் கதை. கராஜ்காரர் கட்டியதாம்.

என் அக்காவின் மகன் 2012 அக்வா ஒன்று வைத்திருக்கிறான். மூன்று வருடத்துக்கு முன், கொழும்பிலிருந்து குடும்பத்தோடு வந்துகொண்டிருந்தான். முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். கிளிநொச்சி தாண்டி டாஷ்போர்ட்டில் சிவப்பு முக்கோணம் வந்தது. கீழே ஒரு வசனம், ஜப்பான் எழுத்தில். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பினான். "மாமா, உதென்னெண்டு விளங்கேல்லை. ஓடலாமோ?" எனக்கு மட்டும் ஜப்பான் மொழி எங்கே தெரியும்? கார் இழுவை இல்லாமல் ஊர்ந்து, ஆனையிறவு உப்புக்காற்றில் ஏசியும் இல்லாமல், ஒரு மாதிரி இருட்டின பிறகு ஊருக்கு வந்து சேர்ந்தது.

அடுத்தநாள் கராஜில் நானும் நின்றேன். அங்கே வேலை செய்கிறவர் என்னிடம் படித்த பிள்ளை. பின் இருக்கையைத் தூக்கினார். பற்றரிக்குக் குளிர்காற்று இழுக்கிற துவாரம் அந்த இருக்கையோடு இருக்கிறது. அதன் வலை முழுக்க எங்கள் வலிகாமத்துச் செம்மண். விரலால் வழித்தால் குங்குமம் மாதிரி ஒட்டியது. ஒரு ரொபித் தாள் வேறு. பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பைகளைப் பல வருடமாக அந்தத் துவாரத்தோடு சாத்தி வைத்திருக்கிறார்கள். வெக்கை பிடிக்காத பற்றரியை மூச்சுமுட்ட வைத்தது வேறு யாருமில்லை, நாங்கள்தான். மேல்மூடியைக் கழற்றினால் உள்ளே இருபது கட்டைகள் வரிசையாக. ஒவ்வொன்றிலும் மீற்றரை வைத்து அளந்து சோக்கட்டியால் எண் எழுதிக்கொண்டே போனார். ஏழுக்கு மேல், ஏழுக்கு மேல், ஏழுக்கு மேல், பிறகு ஐந்து சொச்சம். திரும்ப ஏழு. முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சேர், இருபதிலை நாலு போட்டுது. நாலை மாத்தித் தாறன். ஆனா மிச்சப் பதினாறும் இதே வயசுதான், இதே வெக்கையைத்தான் தின்டது. நான் பொய் சொல்லேல்லை, ஆறு மாசத்திலை திரும்ப வருவார்."

நாலை மாற்றினோம். ஐந்தாவது மாதம் மருமகன் திரும்ப வந்தான். முழுப் பற்றரியையும் மாற்றிய செலவைப் பழைய பெற்றோல் மிச்சத்தோடு வைத்துப் பார்த்தால் இரண்டு வருடச் சிக்கனம் அப்படியே போயிற்று. கராஜ்காரர் கதை கட்டினார் என்கிறார் நண்பர். நான் பார்த்த கராஜ்காரர் தன் வியாபாரத்துக்கு எதிராகவே உண்மை சொன்னார்.

உற்பத்தியாளர் எட்டு வருடம் உத்தரவாதம் தருகிறாரே என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் புதுக் கார் வாங்கியவருக்கு எட்டு வருடம் அல்லது ஒரு இலட்சம் மைல் கொடுத்தார்கள், உண்மை. ஜப்பானில் ஒருவர் ஓடி, ஏலத்தில் போய், கப்பலில் வந்து, அம்பாந்தோட்டையில் இறங்கி, இங்கே இரண்டு கை மாறிய 2012 காருக்கு அந்தக் கடதாசியை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது?

ஹைபிரிட் என்று பின்னால் பெயர் ஒட்டியிருப்பதெல்லாம் ஒன்று என்றும் நினைக்கிறார். வகன்ஆர் ஹைபிரிட்டில் இருப்பது ஸ்ராற்றரும் டைனமோவும் சேர்ந்த ஒரு சின்ன மோட்டாரும் கையில் தூக்கக்கூடிய ஒரு லிதியம் பற்றரியும். எஞ்சினுக்குக் கைகொடுக்கும், அவ்வளவுதான். நல்ல சிக்கனமான கார் அது, ஆனால் முக்கால்வாசிச் சிக்கனம் அதன் நிறை குறைவிலும் 660 சிசி எஞ்சினிலும் இருக்கிறது. மற்றப்பக்கம் 2013இல் வந்த ஹொண்டா ஃபிற் ஹைபிரிட். இரட்டைக் கிளச் கியர்பெட்டி. ஓராண்டு சொச்சத்துக்குள் ஐந்து தரம் திரும்ப அழைத்தார்கள். 2014 ஒக்ரோபரில் கம்பனித் தலைவரும் அதிகாரிகளும் தங்கள் சம்பளத்தைத் தாங்களே வெட்டிக்கொண்டார்கள். தலைவர் சம்பளத்தை வெட்டவைத்த கியர்பெட்டியை, பத்து வருடம் கழித்து சுன்னாகத்தில் வாங்குகிறவர் ஒரு கேள்வியாவது கேட்கவேண்டாமா? நண்பரின் கட்டுரையில் கியர்பெட்டி என்ற சொல்லே இல்லை.

அவருடைய பெரிய ஆயுதம் 2022ஆம் ஆண்டுப் பெற்றோல் தட்டுப்பாடு. அந்த வருடத்தை எடுத்தால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். பெற்றோல் வரிசையில் இரவு பகல் கிடந்தோமே, ஹைபிரிட் இருந்திருந்தால் தப்பியிருப்போமே என்கிறார். ஜூன் கடைசியில் 92 ஒக்ரேன் 470 ரூபா ஆனது. அதற்கு அடுத்த நாட்களில் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைக்குத் தவிர யாருக்கும் சொட்டும் இல்லை என்று அறிவித்தார்கள். அந்த இரண்டு வாரம் ஹைபிரிட்டும் என் விட்ஸும் ஒரே மரநிழலில்தான் நின்றன. சொல்லப்போனால் பக்கத்து வீட்டு ஹைபிரிட், சும்மா நின்றதில் அதன் சின்னப் பன்னிரண்டு வோல்ற் பற்றரி இறங்கி, பெற்றோல் வந்த அன்றும் கதவு திறக்க மறுத்தது. நான் சைக்கிளில் போய்வந்தேன். ஊரே போனது. எங்களுக்கு அது புதிதும் இல்லை.

பிறகு கியூஆர் பங்கீடு வந்தது. காருக்கு வாரம் 20 லீற்றர். விட்ஸுக்கு 280 கிலோமீற்றர், ஹைபிரிட்டுக்கு 420. எனக்கு வாரத்துக்குத் தேவை 185. மிச்சத்தை நான் பக்கத்து வளவுத் தண்ணீர்ப் பம்புக்குக் கொடுத்தேன். அது வேறு கதை, எழுதினால் யாராவது சட்டம் பேசுவார்கள்.

ஹைபிரிட்டின் விலை விழாது, வாங்கிய விலைக்கு மேல் விற்றவர்கள் இருக்கிறார்கள் என்கிறார். இருக்கிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் இந்த நாட்டில் சக்கரம் உள்ள எதுவும் விலை ஏறியது. என் விட்ஸ் ஏறியது. பதினைந்து வருடத்துக்கு முன் மச்சான் விற்ற திறிவீலர் ஏறியது. மழைக்காலத்தில் குளத்தில் தண்ணீர் ஏறுவதை மீன் தன்னுடைய கெட்டித்தனம் என்று சொல்லிக்கொண்டால் எப்படி இருக்கும்? கதவு திறந்துவிட்டது. இனி வருகிற புது வாகனங்களுக்கு முன்னால் பன்னிரண்டு வயதுப் பற்றரியோடு நிற்கிற கார் என்ன விலைக்குப் போகும் என்று நண்பர் இரண்டு வருடம் கழித்து எழுதட்டும்.

சுற்றாடலைப் பற்றிய பந்தியை விட்டுவிடுகிறேன். ஓடுகிற காரை ஒதுக்கிவிட்டு இன்னொரு காரைக் கப்பலில் ஏற்றி வரவழைப்பது பூமிக்குச் செய்யும் உபகாரம் என்று ஒருவர் முழு மனதோடு எழுதினால், அவரோடு வாதாட எனக்குப் பொழுது இல்லை.

பெற்றோல் மிச்சம் பிடிக்க ரயரில் காற்றுப் பார்ப்பதைப் பற்றியும், கூரைக்கம்பியைக் கழற்றுவதைப் பற்றியும், 90இல் போவதை 70க்குக் குறைப்பதைப் பற்றியும் அவர் ஒரு கிண்டல் செய்திருக்கிறார்: சில்லறைப் புத்தி என்று. நான் பதினைந்து நாளுக்கு ஒருமுறை செட்டில் ரயருக்குக் காற்றுப் பார்க்கிறேன். எனக்கு அதற்கு ஆகும் செலவு, அந்தப் பையனுக்குக் கொடுக்கும் சில்லறை மட்டும். முப்பத்தாறு வருடம் காத்திருக்கத் தேவையில்லை, அடுத்த டாங்கிலேயே கொப்பியில் தெரிகிறது.

நண்பரின் கட்டுரையை மூன்றாம் தரமும் புரட்டினேன், ஒரு எண்ணைத் தேடி. விலை இருக்கிறது, லீற்றர் இருக்கிறது, சோதனைக்கூட எண் இருக்கிறது, மாதத் தவணை இருக்கிறது. அவர் மாதம் எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறார் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. அது இல்லாமல் இந்தக் கணக்கை ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடத் தொடங்காது. அடுத்த இதழில் அந்த ஒரு எண்ணை எழுதச்சொல்லுங்கள். நான் என் கொப்பியைப் படப்பிரதி எடுத்து ஆசிரியரிடம் கொடுத்து வைக்கிறேன், பதினோரு வருடத்துக்கு உரியது இருக்கிறது.